சளி வருதான்னு ஒரு வார்த்தை கேளுங்க: மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெடிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கும் அக்காமாருக்கும், கவுன்டரில் நின்று மருந்து எடுத்துத் தரும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

"இருமலுக்கு ஒரு டானிக் குடுங்க" என்று ஒருவர் வந்து நின்றால், அலமாரிக்குக் கை போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "சளி வருதா, வறட்டு இருமலா?" இந்த மடலில் நான் கேட்பது முக்கியமாக இதைத்தான். மற்றதெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

நான் திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அப்பா நூற்பாலையில் 31 வருடம் வேலை பார்த்தவர், அதில் பாதிக்கு மேல் கார்டிங்கில், அதாவது பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் பிரிவில். அங்கே பஞ்சுத் தூசி எப்படிப் பறக்கும் என்று மில் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் அவருக்கு நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் தணியும். அது பஞ்சுத் தூசி நோயின் அடையாளம் என்பது எங்களுக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. அவர் ஓய்வு பெறும்போது மூச்சுக்குழாய்கள் அங்கங்கே விரிந்து தளர்ந்து, சளி தேங்கும் பள்ளங்களாகிவிட்டிருந்தன. காலையில் எழுந்ததும் கால் மணி நேரம் இருமி, கோழையை வெளியே துப்பிவிட்டுத்தான் காபி குடிப்பார். பல வருடமாக அதுதான் எங்கள் வீட்டில் பொழுது விடியும் சத்தம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில் அவருக்கு ஜலதோஷம் பிடித்து, அது நெஞ்சுக்கு இறங்கி, ராத்திரி முழுக்க இருமல். அம்மாவுக்கும் தூக்கமில்லை. நான்தான் கடைக்குப் போனேன். யாருக்கு, என்ன வயது, சளி வருகிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு சிரப் கைக்கு வந்தது. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், குளோர்பெனிரமின், பினைலெப்ரின் மூன்றும் சேர்ந்தது. முதல் ராத்திரியே இருமல் நின்றுவிட்டது, வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம். மறுநாள் காலையில் வழக்கமாக வரும் கோழை வரவில்லை. "இன்னைக்கு சளியே இல்லம்மா, நல்ல மருந்து" என்று அப்பாவே சொன்னார். அன்றிலிருந்து சிறுநீர் வேறு சரியாகப் போகாமல் அவதிப்பட்டார், வயசான மனுசனுக்கு வழக்கம்தானே என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் சாயங்காலம் உதடு லேசாக நீலம் பாய்ந்து, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜன் 84 காட்டியது. ஆஸ்பத்திரியில் 9 நாள் இருந்தோம்.

அங்கே இருந்த டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "சளி இல்லாமப் போகலம்மா, உள்ளயே நின்னுடுச்சு. இவருக்கு இருமல்தான் துணை. அதப் போய் அமுக்கிட்டீங்களே."

அந்த சிரப் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கிருமித் தொற்று இருந்தது, நுரையீரல் ஏற்கெனவே பழுதானது. ஆனால் வெளியே வந்திருக்க வேண்டிய சளி மூன்று நாள் உள்ளே தங்கியதில் அந்த மருந்துக்குப் பங்கு உண்டு. வருடாவருடம் மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் மயிரிழை போன்ற குற்றிழைகளைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்துகிற எனக்கே, கடை வாசலில் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை என்றால், மற்றவர்களுக்கு எப்படி வரும்? அதனால்தான் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் உங்களிடம் கேட்கிறேன். உங்களில் பலர் டி.பார்ம் படித்தவர்கள், இதெல்லாம் தெரிந்தவர்கள். இருந்தாலும் படித்ததை ஒரு தடவை கண்முன் கொண்டுவந்து பார்ப்போம்.

மூச்சுக்குழாயின் உள்சுவர் முழுக்க நுண்ணிய குற்றிழைகள் இருக்கின்றன. ஒரு செல்லின் தலையில் மட்டும் 200 போல. ஒவ்வொன்றின் நீளமும் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஆறேழு பங்குதான். வயலில் காற்றடிக்கும்போது நெற்பயிர் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அலை அலையாகச் சாயுமே, அதே போல இவை நொடிக்கு 10 முதல் 15 தடவை அசைகின்றன. அசைவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தொண்டையை நோக்கித் தள்ளும்போது இழை விறைத்து நிமிர்ந்து நிற்கும், நுனி மட்டும் மேலே மிதக்கும் கோழைப் படலத்தைத் தொட்டு உந்தும். திரும்பி வரும்போது வளைந்து, அடியில் இருக்கும் தண்ணீர் போன்ற மெல்லிய திரவத்துக்குள்ளேயே தவழ்ந்து வரும், மேலே இருப்பதைத் தொடாது. தொட்டால் முன்னே தள்ளியதைப் பின்னுக்கு இழுத்துவிடும் அல்லவா. இப்படித்தான் நாம் சுவாசிக்கும் தூசி, புகை, கிருமி எல்லாம் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொண்டு, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில், இரவும் பகலும் தொண்டைக்கு ஏறி வந்துகொண்டே இருக்கின்றன. வந்ததை நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். உடம்பு நன்றாக இருக்கும்போது சளி என்ற ஒன்று இருப்பதே தெரியாததற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கோழை பார்க்கத்தான் பசை மாதிரி, அதில் 97 சதவீதம் தண்ணீர். மீதியில் மியூசின் என்ற புரதங்களும் உப்பும் கொஞ்சம் மற்ற பொருட்களும். தண்ணீரின் பங்கு சற்றுக் குறைந்தாலும் ஆட்டமே மாறிவிடும். இறுகின கோழை அடியில் இருக்கும் திரவத்தையும் உறிஞ்சிக்கொண்டு, குற்றிழைகளை அப்படியே அமுக்கிப் படுக்க வைத்துவிடும். படுத்த பயிர் காற்றுக்கு அசையுமா? சிகரெட் புகையும் விறகடுப்புப் புகையும் பஞ்சுத் தூசியும் ஒருபக்கம் இந்த இழைகளைப் பாழாக்குகின்றன, இன்னொரு பக்கம் கோழை சுரக்கும் செல்களைப் பெருக்குகின்றன. தள்ளும் கை குறைகிறது, தள்ள வேண்டிய சரக்கு கூடுகிறது. சாதாரண வைரஸ் காய்ச்சல் வந்தாலே இந்த இழைகள் கூட்டம் கூட்டமாக உதிர்ந்து போகும், மறுபடி முளைத்துச் சரியாக அசையத் தொடங்குவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஜலதோஷம் விட்ட பிறகும் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுப்பது இதனால்தான். "ஒரு வாரமாச்சு, இன்னும் நிக்கல, வேற நல்ல மருந்தா குடுங்க" என்று கேட்டு வருகிறவரிடம் இதை இரண்டு வாக்கியத்தில் சொன்னால், பாதிப் பேர் சமாதானமாகத் திரும்பிப் போவார்கள் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

குற்றிழைகள் ஓய்ந்துபோன இடத்தில் அந்த வேலையைச் செய்வது இருமல்தான். ஆழமாக மூச்சை இழுத்து, குரல்வளையை மூடி, நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, சட்டென்று திறந்து வெடிப்பது போலக் காற்றை வெளியே விடுகிறோம், அந்த வேகத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் கோழை பிய்த்துக்கொண்டு வருகிறது. தூங்கும்போது குற்றிழைகளின் வேலையும் மந்தம், இருமல் உணர்ச்சியும் மந்தம். அதனால்தான் ராத்திரி முழுக்கச் சேர்ந்தது காலையில் வருகிறது. என் அப்பாவின் அந்தக் கால் மணி நேர இருமல் அவருடைய வைத்தியமாகவே இருந்திருக்கிறது, நாங்கள் அதை நோய் என்று நினைத்திருந்தோம்.

சரி, இப்போது உங்கள் அலமாரிக்கு வருகிறேன்.

கோடீனும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் சளியைத் தொடுவதே இல்லை. அவை வேலை செய்யும் இடம் மூளையின் அடியில் இருக்கும் முகுளம், இருமலுக்கு உத்தரவு போகும் இடம். உத்தரவை நிறுத்துகின்றன, அவ்வளவுதான். நெஞ்சில் ஒன்றுமில்லாமல் தொண்டை கரகரத்து, தூங்கவிடாமல் படுத்தும் வறட்டு இருமலுக்கு இரண்டு மூன்று ராத்திரி கொடுத்தால் புரிந்துகொள்ளலாம். நெஞ்சில் கோழை கட்டிக்கொண்டிருப்பவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டோம். கோடீனில் இன்னும் ஒரு ஆபத்து, உடம்பு அதை மார்பினாக மாற்றுகிறது, சிலருடைய உடம்பு மிக வேகமாக மாற்றுகிறது, மூச்சே மந்தமாகிவிடும். அமெரிக்காவில் 2017-ல் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று சொன்னார்கள், 2018-ல் கோடீன் கலந்த இருமல் மருந்துகள் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று ஆக்கினார்கள்.

குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் மாதிரிப் பழைய அலர்ஜி மருந்துகள் பல சிரப்புகளில் இருக்கின்றன. மூக்கு ஒழுகுவது நிற்கும், தூக்கம் வரும், "நல்லா கேக்குது" என்று பேர் வரும். ஒழுகுவதை நிறுத்தும் அதே குணம்தான் கீழே மூச்சுக்குழாயிலும் சுரப்பை வற்றச் செய்கிறது. ஏற்கெனவே கெட்டியாக இருக்கும் கோழை இன்னும் பசையாகும். வயதானவர்களுக்கு, அதுவும் புராஸ்டேட் வீக்கம் இருப்பவர்களுக்கு, சிறுநீர் அடைத்துக்கொள்வதும் இதே குணத்தால்தான். அப்பாவுக்கு அது வயசுக் கோளாறு என்று நினைத்தோம், பாட்டிலில் இருந்தது காரணம். அப்புறம் பினைலெப்ரின். வாய் வழியாகச் சாப்பிட்டால் அது மூக்கடைப்புக்குப் பலன் தருவதில்லை என்று 2023-ல் அமெரிக்க மருந்துத் துறையின் நிபுணர் குழுவே ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடிய அதைப் பிரஷர் இருப்பவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

அடுத்த வகை சளியை வெளியே கொண்டுவரும் என்று சொல்லப்படுபவை. குவைபெனசினும் அம்மோனியம் குளோரைடும் இரைப்பையின் உள்சுவரை லேசாக உறுத்த, அந்தச் செய்தி மூளையையும் இரைப்பையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகப் போய் மூச்சுக்குழாயில் நீர்த்த சுரப்பைக் கூட்டுவதாக விளக்கம். ஆய்வுகளில் பலன் ஒரே மாதிரி வரவில்லை, சிலருக்குச் சுமாராக உதவுகிறது. புரோம்ஹெக்சினும் ஆம்ப்ராக்சாலும் கோழையின் இழைகளைச் சிதைத்து நீர்க்கச் செய்பவை. உடம்புக்குள் போன புரோம்ஹெக்சின் மாறி வரும் பொருளே ஆம்ப்ராக்சால், அதைத் தனியாக எடுத்து மருந்தாக்கினார்கள். இந்த இடத்தில் என் மாணவர்களுக்கு மறக்காமல் சொல்வேன், புரோம்ஹெக்சின் பிறந்ததே நம்ம ஊர் வேலியோரத்து ஆடாதொடையிலிருந்துதான். அந்த இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் அதை உருவாக்கினார்கள். இருமலுக்கு ஆடாதொடை இலையைக் கஷாயம் வைத்துக் கொடுத்த பாட்டிகளும், ஆடாதொடை மணப்பாகு காய்ச்சிய சித்த வைத்தியர்களும் அந்த இலையை அதற்குப் பல தலைமுறை முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அசிட்டைல்சிஸ்டீன் வேறு வழியில் போகிறது. மியூசின் இழைகளை ஒன்றோடொன்று கட்டியிருக்கும் கந்தகப் பிணைப்பையே அது வெட்டிவிடுகிறது.

நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. இந்த மருந்துகள் கோழையை இளக்கும், அவ்வளவுதான். இளகினது தானாக வெளியே நடந்து வராது. குற்றிழை தள்ள வேண்டும், அல்லது இருமித் துப்ப வேண்டும். வாய்க்காலில் மதகைத் திறந்து தண்ணீரை விட்டுவிட்டுக் கடைமடையை அடைத்தால் நடுவில் இருக்கும் வயலெல்லாம் மூழ்கும். சளியை இளக்கும் மருந்தையும் இருமலை நிறுத்தும் மருந்தையும் ஒரே பாட்டிலில் போட்டுத் தருவது அதையேதான் செய்கிறது. இது என் கற்பனை இல்லை. 2023 ஜூனில் மத்திய அரசு 14 கூட்டு மருந்துகளுக்குத் தடை அறிவித்தபோது, அதில் பெரும்பாலானவை இருமல், சளி மருந்துகள்தான். டெக்ஸ்ட்ரோமெத்தார்பனோடு புரோம்ஹெக்சினும் அம்மோனியம் குளோரைடும் மென்தாலும் சேர்ந்தது, டெக்ஸ்ட்ரோமெத்தார்பனோடு குவைபெனசினும் குளோர்பெனிரமினும் சேர்ந்தது, இப்படிப் பல. இந்தக் கலவைகளுக்கு மருத்துவ நியாயம் இல்லை என்பதுதான் அறிவிப்பில் சொன்ன காரணம். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனதும் உங்களுக்குத் தெரியும். வழக்கு எப்படிப் போனாலும், நுரையீரலுக்குள் நடப்பது மாறப்போவதில்லை. ஒரு பாட்டிலின் லேபிளில் இளக்குவதும் அமுக்குவதும் சேர்ந்து இருந்தால், தயவுசெய்து அதைக் கையில் எடுக்கும்போதே ஒரு நொடி நில்லுங்கள்.

சால்பியூட்டமால், டெர்பியூட்டலின் சேர்ந்த சிரப்புகள் இன்னொரு பெரிய கூட்டம். சுருங்கின மூச்சுக்குழாயை விரிக்கும், குற்றிழை அசைவைக் கொஞ்சம் வேகப்படுத்தவும் செய்யும். ஆனால் வீசிங் இருந்தால்தான் அதற்கு வேலை. வீசிங் இல்லாத சாதாரண ஜலதோஷ இருமலுக்குக் கொடுத்தால் குழந்தைக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ராத்திரி தூங்காது, தாய் பயந்து மறுநாள் வேறொரு டாக்டரைத் தேடி ஓடுவாள். வீசிங் உண்மையிலேயே இருந்தால் வாய் வழி சிரப்பை விட இன்ஹேலர்தான் நல்லது. "பம்பு அடிச்சா பழகிடும்" என்ற பயம் நம்ம ஊரில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதை நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிப் போக்கினால், நாங்கள் வகுப்பில் பத்து தடவை சொல்வதை விட அது நிற்கும்.

குழந்தைகள் விஷயம் தனி. கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகியது, இருமலில் பலமும் இருக்காது. சளியை இளக்கினால் அதை வெளியே தள்ள அதனால் முடியாது, உள்ளேயே தேங்கி மூச்சு முட்டும். அப்படி நடந்த கேஸ்களைத் திரட்டிப் பார்த்துத்தான் பிரான்சில் 2010-ல் கார்போசிஸ்டீன், அசிட்டைல்சிஸ்டீன் என்ற சளி இளக்கும் மருந்துகள் இரண்டையும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தினார்கள். சளி மருந்தே சளியை அதிகமாக்கிய கதை. நம் நாட்டிலும் 2023 டிசம்பரில் குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று லேபிளில் போடச் சொன்னார்கள். 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை இன்னும் தெளிவாகச் சொன்னது, 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

அந்த அறிவிப்பு எந்தச் சூழலில் வந்தது என்று நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிப் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து ஒவ்வொன்றாக இறந்தார்கள், எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்துச் சோதித்த மாதிரியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் இருந்தது. அது கலப்படக் குற்றம், நான் எழுதிக்கொண்டிருக்கும் விஷயத்திலிருந்து வேறுபட்டது, அதற்கு நீங்கள் பொறுப்பும் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்கு வந்திருந்தது சாதாரணச் சளிக் காய்ச்சல். தானாகவே சரியாகப் போகிற ஒன்றுக்காக அந்த மருந்து அவர்கள் வாய்க்குப் போயிருக்கிறது.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கவுன்டரில் பத்துப் பேர் நிற்பார்கள், எல்லோருக்கும் அவசரம். கேள்வி கேட்டால் "போன தடவ குடுத்ததையே குடுங்க, எதுக்கு இத்தன கேள்வி" என்று கோபப்படுவார்கள். கொடுக்கவில்லை என்றால் எதிர்க்கடைக்குப் போய் வாங்கிக்கொள்வார்கள். மருந்துக் கம்பெனி ரெப் வந்து ஸ்கீம் சொல்லிவிட்டுப் போயிருப்பார், சரக்கு தேங்கினால் நஷ்டம் உங்களுக்கு. டாக்டர் சீட்டிலேயே அதே கலவை எழுதி வரும்போது நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சீட்டில் எழுதியதை மாற்றச் சொல்லவில்லை, "வயசானவருக்கு நெஞ்சுல சளி இருக்கு, இது இருமலை அமுக்குற மருந்து, ஒரு தடவை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க" என்று சொல்வது உங்கள் உரிமை. 2015-ல் வந்த மருந்தாளுநர் நடைமுறை விதிகளில் நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வது உங்கள் கடமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் ஊர்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு டாக்டர் கிடைக்க மாட்டார், நீங்கள் கிடைப்பீர்கள். மக்கள் உங்களை டாக்டராகவே நினைக்கிறார்கள், அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இவ்வளவும் கேட்கிறேன்.

சளி வருதா என்ற கேள்விக்கு அடுத்ததாக, எத்தனை நாளாக என்று கேட்டுவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் பாட்டிலே வேண்டாம், அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள், காசு கிடையாது. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, கோழையில் ரத்தம் என்று ஏதாவது சொன்னால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். காசநோய்க்காரர் ஒருவர் மாற்றி மாற்றி மூன்று சிரப் குடித்துவிட்டு இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போன கதை எங்கள் தெருவிலேயே உண்டு, அதற்குள் வீட்டில் இன்னொருவருக்கும் தொற்றிவிட்டது. இன்னொன்று, உங்களுக்கு மட்டுமே தெரியக்கூடியது. மாதாமாதம் உங்களிடம் எனலாப்ரில் அல்லது ராமிப்ரில் வாங்கும் பிரஷர்காரர், காரணமில்லாத வறட்டு இருமல் என்று வந்து நின்றால், அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். எந்த சிரப்பும் அதைத் தீர்க்காது, டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றினால் சில வாரங்களில் நின்றுவிடும். டாக்டருக்குத் தெரியாத இருமல் உங்களுக்குத் தெரிகிறது பாருங்கள்.

கோழை மஞ்சளாகவும் பச்சையாகவும் வந்தால் உடனே மூன்று மாத்திரை ஆன்டிபயாடிக் கிழித்துக் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. அந்தப் பச்சை நிறம் நம்முடைய வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம், வைரஸ் சளியிலும் வரும். நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள்.

"அப்போ வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பச் சொல்றீங்களா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இல்லை. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் தரச் சொல்லுங்கள், இருமலைத் தணிப்பதில் அது பல சிரப்புகளுக்குக் குறைந்ததில்லை. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதையும் சேர்த்தே சொல்லுங்கள். சின்னக் குழந்தைக்கு மூக்கில் விடும் உப்பு நீர் சொட்டு மருந்து கொடுங்கள். உடம்பில் தண்ணீர் வற்றாமல் கஞ்சியோ ரசமோ வெந்நீரோ அடிக்கடி குடிக்கச் சொல்லுங்கள். கெட்டிச் சளி என்றால் ஆம்ப்ராக்சால் அல்லது அசிட்டைல்சிஸ்டீன் தனியாக, பெரியவர்களுக்கு மட்டும், டாக்டர் சொன்னபடி. அதோடு சேர்த்து, "இது சளிய இளக்கும், இருமித் துப்பணும், இருமலுக்குப் பயப்படாதீங்க" என்று ஒரு வரி. அந்த ஒரு வரி மருந்துக்குச் சமம்.

அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி தங்கை ஒருவர் சொல்லிக்கொடுத்ததையும் எழுதிவிடுகிறேன், உங்களிடம் வரும் நாள்பட்ட சளிக்காரர்களுக்கு உதவும். தொண்டை கிழிய இருமாமல், நிதானமாக நாலைந்து மூச்சு, அப்புறம் ஆழமாக இழுத்து இரண்டு மூன்று நொடி நிறுத்தி மெதுவாக விடுவது, இப்படி மூன்று நாலு தடவை. அதன் பிறகு மூக்குக் கண்ணாடி துடைக்கும்போது அதன் மேல் ஆவி படிய "ஹா" என்று ஊதுவோமே, அந்த மாதிரி வாயைத் திறந்து வயிற்றிலிருந்து பலமாக ஊத வேண்டும். குரல்வளை மூடாமல் காற்று வெளியேறுவதால் குழாய் அமுங்கிக்கொள்ளாமல் கோழை ஆழத்திலிருந்து மேலே ஏறி வரும், கடைசியில் ஒரே ஒரு இருமலில் வெளியே வந்துவிடும். அப்பா இதைக் காலையும் மாலையும் செய்கிறார், டாக்டர் எழுதித் தந்த 3 சதவீத உப்பு நீரை நெபுலைசரில் பிடித்த பிறகு. அந்த உப்பு நீர் எங்கள் பக்கம் பல கடையில் கிடைப்பதில்லை, திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் வாங்கி வருகிறேன். கேட்டு வருபவர்கள் குறைவுதான், இருந்தாலும் ஒரு பெட்டியாவது வாங்கி வைக்க முடியுமா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். எங்கள் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளங்கை அளவு அட்டைகள் எழுதியிருக்கிறார்கள். ஒருபக்கம் "சளி வருகிறதா? எத்தனை நாளாக? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று மூன்று கேள்வி, மறுபக்கம் "5 வயதுக்குக் கீழ் இருமல் மருந்து வேண்டாம்" என்று பெரிய எழுத்தில். கவுன்டர் கண்ணாடியில் ஒட்டினால், நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே வருகிறவர் படித்துவிட்டுப் பதிலோடு நிற்பார், உங்களுக்கும் நேரம் மிச்சம். இரண்டு கடைகளில் ஒட்டியாகிவிட்டது. மார்கழி பிறப்பதற்குள் மற்ற கடைகளுக்கும் பிள்ளைகளோடு வருகிறேன், கண்ணாடியில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
கார்டிங்கில் வேலை பார்த்த ஒருவரின் மகள்